எந்தப் பாலாடை

களக்காடு,
1911 நவம்பர் 6

அன்புள்ள மைனிக்குச் சாலோமியின் ஸ்தோத்திரம்.

பையன் பிறந்த சேதியை உங்கள் தம்பி கார்டில் எழுதிப் போட்டார்கள். கிடைத்திருக்கும். எட்டாம் மாசத்திலேயே வந்துவிட்டான். சின்ன உடம்பு. பல்லி மாதிரி இருக்கிறான் என்று நான் சொன்னேன். உங்கள் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு கூடை நிறையச் சாமான் வாங்கி வந்தார்கள். பசு படம் போட்ட சீமைப்பால் டப்பா, கொசு அண்டாத வலைக்கூண்டு, தொட்டிலுக்கு ஒரு வெண்கல மணி, வாசனை மாவு, நீளமான ரப்பர் குழாய் வைத்த கண்ணாடிப் பால்புட்டி. பிள்ளையைவிடக் கூடை கனம். மருத்துவச்சி அன்னத்தாய் அந்தப் புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரய்யா, இது பிள்ளைக்கா, நவாபு புகை இழுக்கவா?" என்று கேட்டாள். அவர்கள் புட்டியை வாங்கித் திரும்பக் கூடைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

பிள்ளை பால் குடிக்க இன்னும் பழகவில்லை. பழகிவிடுவான்.

பேறுகாலத்துக்கு நீங்கள் வரவில்லையே என்று எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை மைனி. ஆடியில் கைப்பிள்ளை ஞானப்பூவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகு நீங்கள் கோயிலைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்று உங்கள் வீட்டு அண்ணன் எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரியும்.

தளவாய் அண்ணாச்சி செவ்வாய்க்கிழமைதோறும் இங்கிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறார். திரும்பும்போது அவர் வண்டியில் பாலாடை கொடுத்தனுப்பினால் உபகாரமாக இருக்கும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

உங்கள் அன்புள்ள,
சாலோமி


தச்சநல்லூர்,
1911 நவம்பர் 14

பிரியமுள்ள சாலோமிக்கு ஹெப்சிபா எழுதிக்கொண்டது. இங்கே கர்த்தருடைய கிருபையால் நாங்களும் மாடும் சுகம். மழை விடவில்லை. ஆறு செந்தண்ணீராகப் போகிறது.

தளவாய் அண்ணாச்சி வண்டியில் ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன். அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுகிறேன். தம்பி வாங்கினதையெல்லாம் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை வளர்க்கக் கடையில் விற்கிறது பாதிதான் உதவும்.

மேலே இருக்கிறது பழைய நூல்சேலை. தொட்டிலுக்கு அதைக் கட்டு. புதுத்துணி பிள்ளை தோலை உரசும். இது நான் உடுத்தின சேலை. என் பிள்ளைக்குக் கட்டினது அல்ல, பயப்படாதே. கூடவே தொட்டில் கம்பு ஒன்று. தலைமாட்டுப் பக்கம் துணிக்கு நடுவில் அதைக் கொடுத்து விரித்துவிட்டால் தொட்டில் வாயை மூடிக்கொள்ளாது, காற்று வரும். மணியைக் கழற்றிவிடு. தூங்குகிற பிள்ளை ஆடினால் மணி அடிக்கும், மணி அடித்தால் பிள்ளை விழிக்கும். அந்த மணியைத் தம்பி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போகட்டும்.

அரைத்துணி கிழித்து ஓரம் மடித்து வைத்திருக்கிறேன். மடிப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி கட்டு. காகிதப் பொட்டலத்தில் சுட்ட வசம்பு. வயிறு உப்பினால் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் துளி தடவு. குளிப்பாட்டினவுடன் அன்னத்தாயைச் சாம்பிராணி போடச் சொல். புகையில் பிள்ளையைப் பிடிக்கக் கூடாது, துணியைத்தான் பிடிக்க வேண்டும். ஓலைக் கிலுகிலுப்பை ஒன்று வைத்திருக்கிறேன், அவனுக்கு இப்போது வேண்டாம், பிறகு ஆகும்.

நீ கேட்ட பாலாடையும் இருக்கிறது, செம்பில். நம் செவலைப் பசுவின் பால். நாலைந்து நாள் ஆடையெடுத்துச் சேர்த்து, சீனி போட்டுச் சுண்ட வைத்தது. கெடாது. பிள்ளை பெற்ற நாக்குக்கு ருசி கேட்கும். கூச்சப்படாமல் கேட்டாயே, சந்தோஷம்.

வேறு சேதி இல்லை. பிள்ளையைப் பார்க்க வர வேண்டும் என்று இருக்கிறது. பார்ப்போம்.

இப்படிக்கு,
ஹெப்சிபா


களக்காடு,
1911 நவம்பர் 17

அன்புள்ள மைனிக்கு,

மூட்டை வந்தது. சேலையைத் தொட்டிலாகக் கட்டியாயிற்று. மணி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

பாலாடையும் வந்தது. செம்பைத் திறந்ததும் சிரித்துவிட்டேன். உங்கள் தம்பி விரலாலேயே வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அக்காவுக்கு நம்ம மேல எவ்வளவு பிரியம் பாத்தியா" என்றார்கள். அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

தப்பு என்னுடையது மைனி. நான் அப்பா வேலை பார்த்த தஞ்சாவூரில் வளர்ந்தவள். பாலின் மேலே படிகிறதை நாங்கள் ஏடு என்போம். பிள்ளைக்குப் பால் ஊட்டுகிற மூக்கு வைத்த கிண்ணத்தைச் சங்கு என்போம். அதற்கு உங்கள் வீட்டு வார்த்தை பாலாடை என்று கலியாணமாகி வந்த பிறகு கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பொருளை உங்கள் வீட்டு வார்த்தையால் கேட்போம் என்று எழுதினேன். இரண்டுக்கும் அங்கே ஒரே பேர் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் கேட்டது வெள்ளிப் பாலாடையை. மாமா உங்களுக்கென்று செய்ததாமே, நீங்களும் உங்கள் தம்பியும் குடித்தது. ஞானப்பூ குடித்தது.

முதல் கடிதத்தில் நான் மறைத்துவிட்டேன். இவனுக்கு உறிஞ்ச வலு இல்லை. எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாக இருக்கிறது, அவன் வாயை வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போகிறான். புட்டியின் ரப்பரை அவனால் கடிக்கவும் முடியவில்லை. கடைத்தெருவில் வெண்கலச் சங்கு வாங்கி ஊட்டினோம். அதன் மூக்கு தடி. பால் மொத்தமாக விழுந்து புரையேறி, நேற்று நீலம் பாய்ந்துவிட்டான். அன்னத்தாய் தலைகீழாகப் பிடித்துத் தட்டின பிறகுதான் அழுதான். இப்போது பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்து உதட்டில் பிழிகிறேன். அது எந்த மூலைக்கு?

அந்த வெள்ளி மூக்கு பிச்சிப்பூ இதழ் போல இருக்கும் என்று உங்கள் தம்பி சொல்லுகிறார்கள். முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள் மைனி. எனக்குக் கோபம் வராது. என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

சாலோமி


தச்சநல்லூர்,
1911 நவம்பர் 21

சாலோமி,

இந்தக் கடிதத்தோடு வருகிற டப்பாவில் பாலாடை இருக்கிறது. வெள்ளிப் பாலாடை. தளவாய் அண்ணாச்சியை மடியிலேயே வைத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். வழியில் எங்கும் வண்டியை அவிழ்க்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

தப்பு உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். இல்லை. நீ முதலில் கேட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து பாலாடை வேண்டும் என்றால் எந்தப் பாலாடை என்று மாட்டுக்குக்கூடத் தெரியும். ஒரு பேரில் இரண்டு பொருள் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. நான் அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

செம்பில் ஆடையை வழித்துப் போடும்போது உன் அண்ணன் பக்கத்தில் நின்றார்கள். "ஏளா ஹெப்சி, அவ கேட்டது இதையா?" என்றார்கள். இதைத்தான் என்றேன். வாசலுக்குப் போய்விட்டார்கள். நேற்று உன் கடிதத்தை அவர்கள்தான் வாசித்தார்கள். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க நேரம் ஆகும். நீலம் பாய்ந்தது என்கிற இடம் வந்ததும் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். வைதிருந்தால் தேவலை. வையவில்லை. அப்போதிருந்து அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, சோற்றை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

உன் பிள்ளை மூச்சுக்குத் தவித்தபோது அது என் பெட்டியில் சும்மா கிடந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

இறந்த பிள்ளையின் பொருளைப் பிறந்த பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று பயந்தேன் என்று உனக்கு எழுதலாம் என்று இருந்தேன். ஊரும் ஒத்துக்கொள்ளும். ஆனால் அது காரணம் இல்லை.

காரணம் நீ டப்பாவைத் திறந்தால் தெரியும். ஞானப்பூ காய்ச்சலில் மார்பு குடிக்காமல் போனபோது இதில்தான் ஊட்டினேன். கடைசியாக ஊட்டினதில் பாதியைக் குடித்தாள், பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அது காய்ந்து ஆடையாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் கழுவவில்லை. அவள் வாய் வைத்த பாலில் எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒன்றுதான். பாலாடைக்குள்ளே பாலாடை. நீ கேட்டது இரண்டும் அதில் இருக்கிறது.

நேற்றுச் சாம்பலும் புளியும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். படித்துறையில் உட்கார்ந்து கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்தவள், "என்ன மைனி, தேய்க்காமலே கொண்டு போறீக?" என்றாள். இந்தத் தெருவில் என் பாத்திரத்தில் முகம் பார்க்கலாம் என்று பேர். எழுந்து வந்துவிட்டேன்.

அழுக்குப் பாத்திரத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறவள் ஒரு பொம்பளையா? அனுப்புகிறேன். நீ கழுவிக்கொள். நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடு. என்னால் ஆகவில்லை.

உனக்குப் பையன் பிறந்தான் என்று கார்டு வந்தபோது என் வாய் ஸ்தோத்திரம் சொல்லியது. மனசு சொல்லவில்லை. அதையும் எழுதிவிட்டேன். இனி நீ எனக்கு எழுதாவிட்டாலும் சரிதான். பிள்ளை குடித்தான் என்று மட்டும் தம்பியை ஒரு கார்டு போடச் சொல்.

ஹெப்சிபா


களக்காடு,
1911 நவம்பர் 27

என் பிரியமுள்ள மைனிக்கு,

பிள்ளை குடித்தான். முதலில் அதை எழுதிவிட்டேன். இனி மற்றது.

தளவாய் அண்ணாச்சி மாட்டை அவிழ்க்காமலே வந்தார். "வாத்தியாரம்மா, உங்க மைனி என்னைத் தண்ணிகூடக் குடிக்க விடல" என்று சொல்லி இரண்டு செம்பு மோர் குடித்தார்.

டப்பாவைத் திறந்தேன். உங்கள் கடிதத்தையும் வாசித்தேன். என்னாலும் உடனே கழுவ முடியவில்லை மைனி. மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அன்னத்தாய் வந்து பார்த்துவிட்டு, "ஏளா, பிள்ளைக்கு வயிறு காயுது. நீ பாத்திரத்தை வச்சுக்கிட்டு ஒப்பாரி வைக்கியா?" என்று பிடுங்கப் பார்த்தாள். என்ன விஷயம் என்று சொன்னேன்.  வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "நீயே கழுவு. நான் தொட மாட்டேன்" என்றாள்.

புளியும் சாம்பலும் போடவில்லை. வெந்நீரை ஊற்றி விரலாலேயே பைய இளக்கினேன். ஆடை பிரிந்து தண்ணீர் வெள்ளையாயிற்று. முற்றத்தில் ஊற்றப் போனேன். "அங்கன ஊத்தாத, நாலு பேரு மிதிப்பாவ" என்றாள். கிணற்றடியில் இந்த மழைக்கு வைத்த வாழைக்கன்று ஒன்று இருக்கிறது. அதன் மூட்டில் ஊற்றினேன்.

அப்புறம் பாத்திரத்தைக் கொதிக்கவைத்து எடுத்துப் பாலைப் பிழிந்து ஊட்டினோம். மூக்கை உதட்டோரம் வைத்தால் ஒவ்வொரு சொட்டாகப் போகிறது. பாதி குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். எனக்கு உயிர் போய்விட்டது. ஏப்பம் விட்டுவிட்டு மறு பாதியையும் குடித்தான். இப்போது குரல் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் புகார் சொல்லுகிறார்கள்.

நீங்கள் எழுதினதை உங்கள் தம்பிக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். நீலம் பாய்ந்த அன்றைக்கு நினைத்தால் இருக்கிறது. ஆனால் நானும் வெள்ளி என்கிற ஒரு வார்த்தையை எழுதியிருக்கலாம். ஞானப்பூவின் பொருளைக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றக் கூடாதே என்று மழுப்பினேன். இரண்டு பேரும் மழுப்பினோம், பட்டினி கிடந்தவன் அவன்.

டிசம்பர் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க உங்கள் பேரைத்தான் சபை ஐயரிடம் கொடுத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன். வர மாட்டேன் என்றால் ஐயருக்கு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி எழுதச் சொன்னது: வரும்போது பாலாடை கொண்டுவர வேண்டுமாம்.

அன்புள்ள,
சாலோமி


தச்சநல்லூர்,
1911 டிசம்பர் 2

சாலோமி,

உன் கடிதத்தை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவர்களிடம் கொடுக்கவில்லை. வாசித்து முடிக்கச் சாயந்தரம் ஆகிவிட்டது. பிறகு அவர்களைக் கூப்பிட்டு, பிள்ளை குடித்தானாம் என்று சொன்னேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன்.

தளவாய் அண்ணாச்சி வண்டியில் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறோம். தம்பி கேட்ட பாலாடைக்கு இன்றிலிருந்தே ஆடையெடுத்து வைக்கிறேன். இந்தத் தடவை எது என்று எனக்குச் சந்தேகம் இல்லை. சீனி மட்டும் உன் வீட்டில் எடுத்து வை.

அந்த வாழைக்கன்று எது என்று எனக்குக் காட்டு. யாரும் இல்லாதபோது காட்டு.

ஒன்று கேட்கிறேன். நான் வண்டியை விட்டு இறங்கினதும் சுகமா என்று கேட்காதே, ஒன்றும் சொல்லாதே. பிள்ளையை என் கையில் கொடுத்துவிடு. உன்னைப் பார்க்காமல் குனிந்துகொண்டிருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டும்.

ஹெப்சிபா