படகுத்துறைச் சிலைக்கு வாய் வைத்த கதை

மார்ச் 3, செவ்வாய்

வெட்கக்கேட்டை எழுதிவிட்டுப் படுக்கிறேன். இன்று சிற்பியின் கொட்டகையில் யாரோ ஒருவருடைய மண்முகத்துக்கு முன்னால் நின்று, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "அப்படியே இருக்கார்" என்றேன். கண்ணில் ஈரம் இல்லை, அது வேறு விஷயம். கணவரைப் பறிகொடுத்தவள் ஒற்றிக்கொள்ளத்தானே வேண்டும்.

சிற்பி (என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண்) தொண்டையைச் செருமினாள். "அக்கா, இவர் ரொட்டிக்கடைக்காரர். உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம்."

ஊருக்கு நூற்றைம்பது வயதாகிறதாம். ஊரை வளர்த்த தொழில்களுக்கு ஆற்றங்கரையில் ஐந்து வெண்கலச் சிலை வைக்கிறார்கள். அக்கரைக்குப் போகும் படகில் ஆயுசு பூராவும் டிக்கெட் கிழித்தவர் என் கணவர். போன ஆகஸ்டில் போய்ச்சேர்ந்தார். படகுக்கு அவர் முகம் என்று முடிவாகிவிட்டது.

நானோ கண்ணாடிக் கடையில் இருப்பவள். மூக்குத்தண்டு, காது உயரம், கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி என்று நாள் முழுக்க அடுத்தவர் முகத்தை அளக்கிற பிழைப்பு. கட்டிய கணவரைத் தேடி ரொட்டிக்காரரிடம் போய் நின்றிருக்கிறேன். ரொட்டிக்காரரும் மீசையும் கீசையுமாக நன்றாகத்தான் இருந்தார்.

மார்ச் 4, புதன்

அவர் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணை மூடினால் சட்டைக் காலர் வருகிறது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. கால் மரத்துப்போனால் தட்டிவிட்டுக்கொள்ளலாம். இதை எங்கே தட்டுவது?

மார்ச் 5, வியாழன்

விழாக்குழுத் தலைவர் கடைக்கு வந்தார். மருந்துக்கடையை மகனிடம் விட்டபிறகு ஊரைப் பிடித்துக்கொண்டவர். மூக்குக்கண்ணாடியை முடுக்கிக்கொள்ளும் சாக்கு.

"திங்கட்கிழமைக்குள்ள நீங்க சரின்னு சொல்லணும்மா. குடும்பத்துல பார்த்துச் சொல்லாம அச்சு எடுக்கறதில்லைன்னு வச்சிருக்கோம். வெண்கலம் ஊத்திட்டா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

"ரொட்டிக்கடை வீட்டுல சொல்லியாச்சா?"

"காது பெரிசா இருக்குன்னாங்க. குறைச்சாச்சு." குரலைத் தாழ்த்தினார். "அவருக்குக் காது பெரிசுதான், ஊருக்கே தெரியும். குடும்பமே சொல்லும்போது நாம என்னத்தைப் பேசறது?"

மார்ச் 7, சனி

மகள் வந்திருக்கிறாள். இருவரும் போனோம். இம்முறை நேராகச் சரியான ஆளிடம் போய் நின்றேன். தோளில் டிக்கெட் பை இருந்ததால் தப்பித்தேன்.

சிலை சிரிக்கிறது. உதடு இரண்டு பக்கமும் மேலே ஏறி, ஊரே தன் கல்யாணத்துக்கு வந்ததுபோல.

மகள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "அப்பா எப்பம்மா சிரிச்சார்?"

யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு வேலை கிடைத்த அன்று "ம்" என்றார். கல்யாணப் படத்தில் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் அடிக்கும் கூத்துக்கு எதிர்வீடுவரை சிரிப்பார்கள்; இவர் தட்டைப் பார்த்தபடி, "உப்பு எங்க?" என்பார். அந்த ஒரு மனிதரைச் சிரிக்கவைக்கப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வாய் இவ்வளவு நீண்டது என்று நினைக்கிறேன். பலிக்கவில்லை.

"சிரிப்பு யாரு சொல்லி வச்சது?" என்று சிற்பியைக் கேட்டேன்.

"ஆண்டு விழாவுக்கு முகம் மலர்ச்சியா இருக்கட்டும்னாங்க, அக்கா. அப்புறம் படகுல வர்றவங்க சில பேரு..."

அவள் முடிக்கவில்லை. "இது எங்கப்பா இல்ல," என்று மகள் வெளியே போய்விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் கிளம்பிவிட்டாள். பேருந்து ஏறும்போது, "இவர் சிரிக்கிறவர்னா, நம்மகூட இருந்தது யாரும்மா?" என்றாள். வீட்டுக்கு வந்து, அழுக்கில்லாத போர்வையைத் துவைத்துப் போட்டேன்.

மார்ச் 9, திங்கள்

போனேன். சிற்பி சிலையின் தலையில் சுற்றியிருந்த ஈரத்துணியை அவிழ்த்தாள். "நீங்களே கை வைங்க, அக்கா. நீங்க சொல்லி நான் செய்யறதைவிட அது நல்லது."

கட்டைவிரலால் உதட்டோரத்தை அழுத்தினேன். சில்லென்ற களிமண். வலப்பக்கம் இறங்கியதும் பல்வலிக்காரர் ஆகிவிட்டார். இடப்பக்கத்தையும் இறக்கினேன். வந்துவிட்டார். உப்பு கேட்கப் போகிற முகம். ஏழு மாதமாக வராத முகம் என் விரலுக்குக் கீழே வந்து நின்றது.

"சரி," என்றேன்.

நான் அழப்போகிறேன் என்று சிற்பி நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. போட்ட நாற்காலிக்கு மரியாதையாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

வெண்கலம் ஊற்றிவிட்டார்கள். கடையில் கூட்டமில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காதில் விழுந்தது: அச்சு எடுக்கும் முன்பே சலவைக்காரம்மா சிலைக்கு இடுப்பு பாதியாகிவிட்டதாம். மூன்று மருமகள்களும் கூட்டாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மூவரும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. விழாக்குழு வாயைத் திறக்கவில்லை.

மே 17, ஞாயிறு

திறப்பு விழா. துணியை விலக்கினார்கள், கைதட்டினார்கள். என் கணவர் சிலையிடம் வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பேசாமல் நகர்ந்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படகை ஓட்டுகிறவர் கடைசியாக வந்தார். கணவர் போன அன்று வாசலிலேயே நின்றுவிட்டுப் போனவர்.

"அண்ணி, கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அண்ணனை ஏன் இப்படி நிக்க வச்சீங்க?"

"எப்படி?"

"சிரிக்காம."

"அவர் எங்க சிரிச்சார்?"

விளையாடுகிறேனா என்று பார்த்தார். "படகுல ஏறினா இறங்கற வரைக்கும் சிரிப்புதானே, அண்ணி. நேத்து எங்க வீட்டுல என்ன சொன்னா தெரியுமான்னு ஆரம்பிப்பார். பாதியிலயே அவருக்கு மூச்சு வாங்கிடும், மீதியை நாங்கதான் கேட்டுக் கேட்டு வாங்கணும். உங்க கடைக்கு வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி கண்ணாடியை மாத்திப் போட்டுட்டுப் போய்ச் சண்டை போட்ட கதை இருக்கே, அது அக்கரையில எல்லாருக்கும் மனப்பாடம்."

அந்தக் கதையை நான் சொன்ன அன்றும் உப்புதான் கேட்டார்.

"தெரிஞ்சவங்க யாரும் ஏன் சொல்லலை?"

"நீங்களே கை வச்சு மாத்தினீங்கன்னாங்க. உங்களுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டோம்."

போனில் ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். படகின் ஓரத்தில் கணவர், தோளில் பை, வாய்கொள்ளாத சிரிப்பு. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இடது கன்னத்தில் அவருக்குக் குழி விழுகிறது.