கொலையாளி யாரென்று கேட்காமலே போனீர்கள்

அக்கா,

இன்று மாலை பேரனுக்குச் செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு கடை வாசலில் அரிசி மாவில் இறால் பதித்த வாடா பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் கால் நின்றுவிட்டது. என் மர்ம நாவலில் ஓர் அத்தியாயம் முடிந்தது என்று தெரிந்தால் போதும், உங்கள் வீட்டில் வாடா பொரியும். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்குவீர்கள். பாதியிலேயே, "இவன்தான் கொன்னான், பாரு" என்பீர்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மறுநாள் அத்தனையும் கிழித்துப்போட்டு மாற்றி எழுதுவேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் வயலின் வாசிப்பதைப் பாதியில் நிறுத்தினால் அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "ஏன் புள்ள, கை வலிக்குதா, இல்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

சொன்னார்கள்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய மகள் சொன்னாள்: "ரெண்டு புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு கச்சேரி, கொலைக் கதைன்னு எதுக்கும்மா அலையுற? போதும்மா, ரெஸ்ட் எடு." இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி அவர்கள் பின்னால் ஓடுவது ஓய்வாம். வில்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் அலைச்சலாம்!

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அந்த நாவலில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. உங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காதருகே குனிந்து, "யாருன்னு சொல்லிடவாக்கா?" என்றேன்.

"சொல்லாத. சொல்லிட்டா நீ எழுதமாட்ட. எழுதிட்டு வா."

எழுதிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

அதன்பிறகு பேனாவைத் தொடப் பிடிக்கவில்லை. வயலின் பெட்டி பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. நான் வழிக்கு வந்துவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஒருநாள், நான் வாசிக்கும் மெல்லிசைக் குழுவிலிருந்து போன் வந்தது. போலகம் ஊரில் ஒரு கல்யாணக் கச்சேரி. மருமகன் எடுத்து, "அத்தை இனிமே வரமாட்டாங்க, வேற ஆள் பாத்துக்குங்க" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலறையிலிருந்து வந்து போனைக் கையிலிருந்து வாங்கினேன்.

"யாரு சொன்னா வரமாட்டேன்னு? வர்றேன். பேத்தியையும் கூட்டிக்கிட்டு வர்றேன்."

கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் என் தொடைமேல் தலைவைத்துப் படுத்தவள், அத்தனை டிரம்ஸ் சத்தத்திலும் தூங்கிப்போனாள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், "பாட்டியம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றது நன்றாகவே காதில் விழுந்தது. அவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டை வாசித்தேன். கால் மரத்துப்போயிருந்தது. கை மரக்கவில்லை.

மறுநாள் காலை, எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேரன் கேட்டான்: "அம்மாச்சி, இன்னைக்கு யாரக் கொல்லப்போற?" மருமகனுக்குப் புரையேறியது. "இன்னைக்கு யாரையும் கொல்லலடா, கொன்னவனப் பிடிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். பேத்தி காகிதத்தை இழுக்க, பேரன் பேனா மூடியைக் கட்டிலுக்கடியில் உருட்ட, அந்தக் கடைசி அத்தியாயம் முடிந்தது. நீங்கள் கதையில் வரும் டாக்டரைத்தானே சந்தேகப்பட்டீர்கள்? தப்பு, அக்கா. அவர் பாவம்.

புத்தகம் வந்துவிட்டது. மகள் இன்னும் முணுமுணுக்கத்தான் செய்கிறாள். ஆனால் கச்சேரி இருக்கும் நாளில் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறாள். என் போன் அடித்தால் மருமகன் இப்போது தொடுவதே இல்லை.

இந்த வயதில் மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். சமாளிக்கவில்லை. சோறு குழைகிறது, சுருதி சில நாள் இறங்குகிறது, கதாபாத்திரத்தின் பெயர் பாதியில் மாறிவிடுகிறது. ஆனாலும் மூன்றில் எதையும் எவருக்காகவும் விடுவதாக இல்லை.

புது நாவல் தொடங்கிவிட்டேன். பக்கத்து வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் மட்டும் ஒவ்வொரு வரியையும் உங்கள் கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்தால் கண்டுபிடியுங்கள், அக்கா.