புள்ளி உதிர்ந்த பலகை

என் வீட்டுத் தச்சருக்கு,

நான் சௌக்கியம். உன் மரம் அறுக்கும் மெஷினும் சௌக்கியம். பிளேடுகளுக்குத்தான் நேரம் சரியில்லை. நீ பதில் எழுதும்போது பேத்தியைப் பற்றி முதல் வரியிலேயே எழுதிவிடு. நம் மகள், மாப்பிள்ளை, உன் முட்டிவலி எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

போனில் பேசலாமே என்பாய். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நீ தாழ்ந்த குரலில் ஆரம்பித்ததுமே எனக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது. சாப்பிட்டேன், தூங்கினேன் என்று எதையோ சொல்லி வைத்துவிடுகிறேன். எழுத்தில் அந்த வம்பு இல்லை. ஆயுசு முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதியதற்குப் பிழை திருத்துகிறவன், சொந்த வாக்கியத்தையாவது நேராக நிறுத்த மாட்டேனா.

குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட்டது என்று மாப்பிள்ளை கூப்பிட்ட அன்று, நீ பின்னறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினாய். ஆணியில் உன் ஏப்ரன் அப்படியே தொங்குகிறது. மேஜைமேல் எதிர்வீட்டுப் பல் டாக்டருக்குச் செய்து தருவதாகச் சொன்ன கிளினிக் பலகை. எழுத்துகளை வெட்டுவதற்கான மெல்லிய பிளைவுட்டில் நீ வரைந்து ஒட்டிய படத்தாள் காத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் பலகையைக் கேட்க வருகிறார், கூச்சத்தில் கேட்காமல் என் கடைவாய்ப்பல்லை விசாரித்துவிட்டுப் போகிறார். அப்படிப்பட்ட மனிதரை எத்தனை தடவை அலைய விடுவது? நானே மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சிரித்து முடித்தபின் மேலே படி.

முதலில் பிளேடைத் தலைகீழாக மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பலகை குளிக்க மறுக்கும் பிள்ளை மாதிரி எகிறிக் குதித்தது. பற்கள் கீழே பார்க்க வேண்டும் என்று நீ யாருக்கோ சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருப்பி மாட்டினேன். அடுத்து, படத்தாளின்மேல் நீ ஒட்டியிருந்த பார்சல் டேப் எதற்கு வீணாக என்று உரித்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மரம் கருகி அறை முழுக்கப் புகை. டேப் இருந்தால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும், சூடேறாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லியிருப்பாய். நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

நீ பிளேடை மாட்டிவிட்டு நகத்தால் சுண்டி, தலையைச் சாய்த்துக் கேட்பாயே, அதை இத்தனை காலம் ஒரு பந்தா என்று நினைத்திருந்தேன். தளர்வாக இருந்தால் மொட்டை மொட்டையாகச் சத்தம் வருகிறது. சரியாக இழுத்துக் கட்டினால் ணிங் என்கிறது. இப்போது நானும் தலையைச் சாய்த்துக் கேட்கிறேன். பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தானும் தலையைச் சாய்த்தபடி போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மத்தியான வெயில் அந்த ஜன்னலில் சாய்வாக விழும்போது, தூள் பொன்னாக மிதக்க, மெஷின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும்போது, எனக்குக் கையும் காலும் இருப்பதே மறந்துபோகிறது. பென்சில் கோடு தானாக என்னை நோக்கி மெல்ல வருகிறது, பிளேடைத் தொட்டு இரண்டாகப் பிரிந்து போகிறது. நான் சும்மா இருக்கிறேன். உன்னைச் சாப்பாட்டுக்கு ஏன் நாலு தடவை கூப்பிட வேண்டியிருந்தது என்று புரிந்தது. இனிமேல் அதற்குச் சண்டை போட மாட்டேன்.

பலகையை முடித்துக் கொடுத்தும்விட்டேன். உன் படத்தில் மூன்று இடத்தில் ஒரே பிழை இருந்தது. ஒவ்வொரு மெய்யெழுத்திலும் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே தேவையில்லாமல் ஒரு சின்னக் கோடு. மூன்றையும் அடித்துத் திருத்திவிட்டேன். நன்றி சொல்ல வேண்டாம்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டதாக மகளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் மெஷினைத் தற்சமயம் பார்த்துக்கொள்பவன்

*

என் வீட்டுத் தச்சருக்கு,

பேத்தியின் எடை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று நீ போனில் சொன்னதை நான் இங்கே பால்காரர், பல் டாக்டர், அச்சகத்து முதலாளி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எவ்வளவு என்று கேட்டார்கள். ஒரு கைப்பிடி மரத்தூள் அளவு என்றேன். அதற்கு அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்தபின் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கூடியது கூடியதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது, போன கடிதத்தில் நான் மறைத்த, என் மானம் போன கதை. நீ வரைந்தது பிழையில்லை. அந்தச் சின்னக் கோடுதான் புள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாளில் புள்ளி சும்மா மேலே மிதக்கும். மரத்தில் மிதக்குமா? நான் கோடுகளை அடித்துவிட்டு வெட்டியதும் புள்ளி மூன்றும் மிளகு மாதிரி உருண்டு, மேஜை ஓட்டை வழியாகத் தூளுக்குள் விழுந்துவிட்டன. தூளைச் சலித்துத்தான் எடுத்தேன். எதில் சலித்தேன் என்று கேட்காதே, சமையலறையில் புதுச் சல்லடை வாங்கி வைத்திருக்கிறேன்.

பசை போட்டு ஒட்டிக் கொடுத்தேன். டாக்டர் சந்தோஷமாக வாசலில் மாட்டினார். வெயிலில் ஒன்று உதிர்ந்துபோயிருக்கிறது. மூன்றில் எது உதிர்ந்தது என்று நினைக்கிறாய்? இரண்டாவது எழுத்தின் புள்ளி. பல் மருத்துவர், பல மருத்துவர் ஆகிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் மற்ற டாக்டர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று விசாரிக்கிறார்களாம். ஒரு அம்மாள் மூட்டுவலிக்கு ஆள் உண்டா என்று கேட்டு, இல்லையென்றதும் பலகையைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறார். பாவம், அந்த மனிதர் அப்போதும் என்னிடம் குறை சொல்லவில்லை. வாசலில் நின்று பலகையை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைவாய்ப்பல் எப்படி இருக்கிறது என்றார். அச்சகத்தில் இது பரவிவிட்டது. எழுத்து கோர்க்கும் பையன்கள் என்னைப் பார்த்தாலே பல வணக்கம் என்கிறார்கள்.

இரண்டாவது பலகையை ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை உன் மேஜை இழுப்பறையில் இருந்த நகல் படத்தாளை ஒட்டி, உன் கோடுகளை ஒரு மயிரிழைகூடத் தொடவில்லை. முதல் தடவை எழுத்தின் வெளிக்கோட்டை வெட்டி எடுத்துவிட்டு அப்புறம் வ-வின் சுழியைக் குடையப் போய்த் திண்டாடினேன். துண்டு கைக்கு அடங்காமல் துள்ளுகிறது, விரலோ பிளேடுக்குப் பக்கத்தில். நீ ஏன் எப்போதும் உள்ளே இருக்கிறதை முதலில் வெட்டுவாய் என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. சுற்றிலும் மரம் இருக்கும்வரை பிடித்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. ஆகவே சின்ன ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் கோர்த்து மறுபடி மாட்டி, சுழியை முடித்தபிறகே வெளியே வந்தேன். விரல் பத்தும் பத்திரம்.

நேற்று அந்த முனகல் ஓய்ந்ததும் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. மெஷினை அணைத்திருந்தேன், பயப்படாதே. கனவில் பின்னறை முழுக்க இதே வெயில். மேஜைமேல் ஒரு சின்னப் பெண் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மரத்தூளை ஊதி ஊதிக் கோலிக்குண்டு தேடுகிறாள். தூள் என் கண்ணில் விழுகிறது. திட்டலாமென்று வாயைத் திறந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அத்தோடு முழிப்பு வந்துவிட்டது.

அதனால்தான் கேட்கிறேன். அறைக்கதவில் மாட்டக் குழந்தை பெயரை வெட்டித் தரச்சொல்லி மகள் முன்பே உன்னிடம் கேட்டிருந்தாளே. அதற்கென்று நீ எடுத்துவைத்த சிவப்பு மரத்துண்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது. பெயர் முடிவாகிவிட்டதா? முழுசாகச் சொல்ல யோசனையாக இருந்தால் முதல் எழுத்தை மட்டும் சொல்லட்டும். நான் வேறு மரத்தில் வெட்டிப் பழகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல வணக்கங்களுடன்,
பிழை திருத்துபவன்

*

என் வீட்டுத் தச்சருக்கு,

பல மருத்துவர் கதையைப் படித்துக் காட்டியபோது மகள் வாய்விட்டுச் சிரித்தாள் என்றும், பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அவள் சிரிப்பாளென்றால் இன்னும் பத்துப் பலகையைக் கெடுக்கத் தயார் என்று சொல். டாக்டர் தாங்குவாரா என்பதுதான் கேள்வி. புதுப் பலகையை அவர் மாட்டிவிட்டார். புள்ளிகள் மூன்றும் கெட்டியாக நிற்கின்றன. காற்றடித்தால் நான் இன்னும் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

அடுத்த பத்தியை நான் அத்தனை சுலபமாகப் படிக்கவில்லை. பெயர் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அவள் சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கிறாய். "பேர் வெச்சா கூப்பிடணும்மா. கூப்பிட்டுப் பழகிட்டா அப்புறம் என்னால முடியாது." இதில் திருத்த எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

மூச்சுக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள், மாலைக்குள் திரும்ப வைத்துவிட்டார்கள் என்கிறாய். டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை என்கிறாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இதுவரை தமாஷாகவே எழுதிவந்தேன், ஆனால் எழுதாத நேரமெல்லாம் நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இன்று மெஷினில் உட்கார்ந்து ஒன்றுமே வெட்டவில்லை. சும்மா ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். ஜன்னலுக்கு அப்பால் தெரு, மரம், எதிர்வீட்டுப் பலகை எல்லாம் கரைந்து எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பார்க்கிற நம் பேத்திக்கு நீங்கள் எல்லோரும் இப்படித்தான் தெரிவீர்களோ என்று நினைத்துக்கொண்டேன். உருவங்கள் வரும், போகும், குனியும். எது தன்னைப் பார்க்க வந்தது, எது பக்கத்துப் பெட்டியைப் பார்க்க வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பெட்டியில் தாயின் பெயரை எழுதி, அதன் கீழ் 'குழந்தை' என்று மட்டும் எழுதியிருக்கிறது என்றாய். உன் கடிதத்திலும் பார்த்தேன், நீயும் 'அது தூங்குது', 'அது அழுதது' என்றே எழுதுகிறாய். நீயுமா என்று ஒரு நிமிஷம் கோபம் வந்தது. அப்புறம் நீ அந்த அறையில் நாள் முழுக்க நிற்பதை நினைத்தேன், கோபம் போய்விட்டது.

மகளிடம் நான் சொன்னதாகச் சொல். பலகைக்காகக் கேட்கவில்லை. மரம் அலமாரியில் கிடக்கட்டும், கெட்டுப்போகாது. கூப்பிட்டால் பயம் இன்னும் கூடும் என்கிறாள். கூடும்தான். அவள் உன் வயிற்றில் இருந்தபோது நாம் இருவரும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு பயத்தில் என்ன பாடுபட்டோம், நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் கூப்பிடாமல் இருந்தால் பயம் குறைகிறதா என்று அவளையே கேள். குறையவில்லையென்றால் அந்தப் பெண் ஏன் தன் பெயர் தெரியாமல் படுத்திருக்க வேண்டும்?

ஒன்று சொல்கிறேன், நீ மட்டும் படி. நான் இங்கே பின்னறையில் மெஷின் சத்தத்தோடு சத்தமாக அவளை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்ன பெயர் என்று எழுத மாட்டேன். பெயர் வைக்கும் உரிமை அவளைப் பெற்றவளுடையது. அவள் வைத்த அன்றைக்கு என்னுடையதை நானே அடித்துவிடுவேன்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையையும் கொஞ்சம் தூங்கச் சொல். என் ஆசீர்வாதம் முழுவதும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குத்தான், மிச்சம் இருந்தால் நீங்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். மகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவை. சத்தமாக வேண்டாம். ஒரே ஒரு தடவை, உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்கிற அளவுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்.

இப்படிக்கு,
அவள் தாத்தா