தூலமில்லாத கூரை

மாசி 9, 1938. திருமுல்லைவாயில்.

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. புது வகுப்பறையின் சிமெண்டுக் கூரைக்குக் கொடுத்திருந்த முட்டுகளை இன்று எடுத்தார்கள். தூலம் வேண்டாம், கம்பியும் சிமெண்டும் போதும் என்று கமிட்டியில் வாதாடியவள் நான். கூரை விழுந்தால் என் பள்ளிக்கூடப் பெண்களுக்கு மறுபடியும் மரத்தடிதான்.

மேஸ்திரி நடுவில் ஒரு முட்டுக்கட்டையை மட்டும் எடுக்கவில்லை. "அது பாட்டுக்கு நிக்கட்டும்மா, உனக்கின்னா பாரம்?" என்றார். நான் போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, "இப்போது எடுங்கள்" என்றேன். முறைத்தபடியே எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு தூசிகூட உதிரவில்லை.

சுண்ணாம்புத் தளத்தைக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குகிற கன்னியம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "அடிக்காத தளம் எப்டிம்மா நிக்கும்?" என்று தன் கூட்டத்தோடு மேலே ஏறிக் கும்மியடித்தாள். கீழே என் நெஞ்சுதான் அதிர்ந்தது. "டீச்சரம்மா, பயந்துகினு அங்கியே கீறியா? மேல வா!"

நாற்பத்து மூன்று வயதில் சேலையைச் செருகிக்கொண்டு ஏணி ஏறினேன். கமிட்டிக்காரர்கள் பார்த்திருந்தால்... பார்க்கட்டும். எனக்குத் தாளம் தப்பிக்கொண்டே இருந்தது. கன்னியம்மா விடவில்லை.

"நல்லா மிதிம்மா, உன் கூரைதானே!"