டீச்சர் என்னைக் கூப்பிடாமல் போன மாசி

அம்மா,

இன்று காலை தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. உன் பேத்தி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு நின்றாள். நான் பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டே, "எண்ணெய்க்கே குளுருதாம்டி, அதுக்கும் ஒரு போர்வையப் போத்தி வுடு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிக்கப் போனேன், பாதியில் நின்றுவிட்டது. அது என் பேச்சு இல்லை, உன் பேச்சு. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உன் வாய் மட்டும் என் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு உன் மேல் கோபம் அம்மா. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வேறு யாரிடம் போய்க் கோபப்படுவது? ஆறாவது பாதியோடு நின்றவளின் கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி வந்த வருஷத்து மார்கழி. தம்பி பிறந்து மூன்று மாதம். நம் கரிசல்காட்டில் பொழுது சாயும்போதே பனி இறங்கிவிடும். வீட்டில் இரண்டு போர்வை. ஒன்று உனக்கும் தம்பிக்கும். இன்னொன்றை நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் இழுப்போம். வெயில் வந்த பிறகும் அப்பா எழுந்திருக்க மாட்டார். நீ வாசல் தெளித்துவிட்டு வந்து, ஈரக் கையை அவர் உள்ளங்காலில் வைப்பாய். அவர் அலறுவார்.

"உங்கப்பனைப் போர்வைய வுட்டு வெளிய கொண்டாரணும்னா தாசில்தாரு வந்து உத்தரவு போடணும்டி."

"செத்த சும்மா இருக்கியா? காதுல பனி போவுது."

"பனி போவுதுல்ல? எம் பேச்சுதான் இத்தினி வருசமா போவ மாட்டேங்குது."

அவர் குளிக்கிற லட்சணத்தையும் விட மாட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் செல்வியின் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வாய். "எங்க வூட்டுக்காரரு மூஞ்சியக் கழுவிட்டு, முதுகுக்குச் சேதி சொல்லி அனுப்பிட்டாரு." உன் கால் பித்தவெடிப்பையும் விடவில்லை. "காட்டுல பருத்தி இன்னும் வெடிக்கல, எங் குதிகாலு முந்திக்கிச்சு" என்று காலைத் தூக்கிக் காட்டுவாய். வெடிப்பில் ரத்தம் கசியும். பார்த்துக்கொண்டே நாங்கள் சிரிப்போம்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், கார்த்திகை கடைசியில், நான் பள்ளிக்கூடத்துப் பையை எடுத்தபோது நீ தம்பியைத் தூக்கி என் மடியில் போட்டாய்.

"இவனுக்கு நெஞ்சு கர்ருகர்ருங்குது. பனி முடியிற வரைக்கும் நீ பாத்துக்க."

"பள்ளிக்கூடம்?"

"பள்ளிக்கூடத்துக்கென்ன காலா இருக்கு, எந்திரிச்சு ஓடிப்போவ? பனி முடிஞ்சதும் போவலாம்."

நான் சிரித்தேன். வாரத்துக்கு ஒரு தடவை கேட்பேன். "இவன் மூக்கு ஒழுவறது நிக்கட்டும், அப்பறம் நீ மூக்க நிமித்திக்கிட்டுப் போ" என்பாய். அதற்கும் சிரித்தேன். தையில் பருத்தி வெடித்தது. நீ மடி கட்டிக்கொண்டு பருத்தி எடுக்கப் போனாய். உச்சிப்பொழுதில் நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வருவேன், நீ வரப்பில் உட்கார்ந்து பால் கொடுப்பாய். "பருத்தி முடியட்டும்டி" என்றாய். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டீச்சர் வருவார் என்று எனக்குத் தெரியும்.

நம் தெருவில் அது வழக்கம்தானே. தை மாதம் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் பருத்திக்காட்டில் இருப்போம். மாசி பிறந்ததும் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு வருவார். வாசல் வாசலாக நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் வாசலில் நின்று கூப்பிட்ட பிறகு மாட்டேன் என்று சொன்ன வீடு கிடையாது. அதற்கு முந்தின வருஷம் அவர் என் பேரைச் சொன்னதும் நீ என்னை முன்னால் தள்ளிவிட்டாய். "இந்தாங்க டீச்சர், ஓட்டிக்கிட்டுப் போங்க. பாலு கறக்காது, தீனி மட்டும் நல்லாத் திங்கும்." டீச்சர் குடையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

அந்த மாசியிலும் வந்தார். நான் விடிந்ததிலிருந்து காத்திருந்தேன். முகம் கழுவி, பவுடர் போட்டு, பையைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டில் குரல் கேட்டது. "செல்வி! பருத்தி முடிஞ்சுதா இல்லையா? நாளைக்கு வந்துரணும், ஆமா." பிறகு நம் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். நான் கதவோரத்துப் பையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

நீ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வேகமாக வந்தாய். என் தோளில் கை வைத்தாய்.

"டீச்சர், எம்மவனப் பாத்தீங்களா? இன்னும் பேரே வெக்கல, அதுக்குள்ள தெருப்பூரா பேரு வாங்கிட்டான். அம்புட்டு அழுவ!"

டீச்சர் சிரித்தார். தம்பி கன்னத்தைத் தட்டினார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். என் பேரைச் சொல்லவில்லை. உன் கை என் தோளை அழுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஆறுதலுக்குத்தான் அழுத்துகிறாய் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அழுதேன். "டீச்சருக்கு நான் மறந்து போயிட்டனா?" என்று கேட்டேன். "நாப்பது புள்ளைவோ. எல்லாத்தையும் போட்டுப் பூட்டி வெக்க அவங்க தலையில என்ன பொட்டியா இருக்கு?" என்றாய். மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தேன்.

அன்று முதல் டீச்சரை எனக்கு ஆகாது. குரும்பலூர் ரோட்டில் அவர் எதிரே வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவேன். என் கல்யாணப் பத்திரிகையை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதே நான்தான். நீ ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு டீச்சர் வந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம், தலை முழுக்க நரைத்துவிட்டது. பெண்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து, நீ சொன்னதை எல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழுது ஓய்ந்த வீட்டில் வருமே ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பு. நான் முகம் பார்க்காமல் டீச்சருக்குக் காப்பித் தம்ளரை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா மாதிரி ஒரு மனுஷிய நான் பாத்ததே இல்லம்மா. நீ ஆறாவது படிச்ச வருஷம், கார்த்திகை மொதல்ல பள்ளிக்கூடத்துக்கு வந்து நிக்கிறாங்க. 'டீச்சர், எம்மவளுக்குப் புஸ்தகத்தத் தொறந்தா கொட்டாவி வருது, மூடினா பசி வருது. படிக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. மாசியில நீங்க வந்து கூப்பிட்டீங்கன்னா கெணத்துல குதிப்பேங்குது. கெணத்துல தண்ணியும் இல்ல, குதிச்சா காலுதான் ஒடியும், எனக்கு வைத்தியச் செலவு. கூப்பிட்டுராதீங்க டீச்சர்'னாங்க. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல."

கூடமே சிரித்தது. செல்வியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

என் முகம் எப்படி ஆனதோ. டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏம்மா, நெசந்தானே? நீதானே வேணாம்னு சொன்னே?" என்றார்.

உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பியும்தான் பார்த்தான். ஒன்பதாவது படிக்கிறான், இப்போது என்னைவிட உயரம்.

"நெசந்தான் டீச்சர்" என்றேன்.

வேறு என்ன சொல்வேன்? காரியத்துக்கு வந்த சனங்களுக்கு முன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்கவா?

கார்த்திகை மொதல்ல என்றாரே அம்மா. நீ தம்பியை என் மடியில் போட்டதும், பனி முடியட்டும் என்றதும் அதற்குப் பிறகுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க நீ சிரிக்க வைத்தாய். நான் போகப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே சிரிக்க வைத்தாய். என் தோளில் இருந்த கை ஆறுதல் சொன்ன கை இல்லை, நான் வாயைத் திறந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்த கை.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. கைக்குழந்தை, மாமியார் இல்லாத வீடு, நீ காட்டுக்குப் போனால்தான் அடுப்பெரியும். இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாம். "நீ இல்லாம முடியாதுடி, படிப்ப வுட்டுரு" என்று சொல்லியிருந்தால் நாலு நாள் அழுதிருப்பேன். ஐந்தாம் நாள் தம்பியை வாங்கி இடுப்பில் வைத்திருப்பேன். என்னை நிறுத்தியதற்கு இல்லை அம்மா இந்தக் கோபம். நானே வேண்டாம் என்றதாகச் சொன்னாயே, அதற்கு. பதின்மூன்று வருஷம் ஒரு நல்ல மனுஷியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, நீ பக்கத்திலேயே இருந்து பார்த்தாயே, அதற்கு.

டீச்சர் கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டார். "அதுக்கென்னம்மா, எல்லாருக்குமா படிப்பு வருது? புள்ளைய நல்லா வளக்கிற, அது போதும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மாவு அரைக்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும் அந்த வார்த்தை கூடவே வருகிறது. இறக்கி வைக்க ஒரு இடம் இல்லை.

போன ஆவணியில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேனே. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திரும்பி வர நின்றோம். உனக்கு நிற்கவே முடியவில்லை, என் மேல் சாய்ந்திருந்தாய். ஒவ்வொரு பஸ் திரும்பும்போதும் முழங்கையால் என்னை இடித்து, "என்னா போட்டிருக்கு?" என்றாய். அரியலூர், துறையூர், ஆத்தூர் என்று படித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாளிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "எம்மவ வண்டி திரும்பறதுக்குள்ள படிச்சுருவா. அவளுக்கு அம்புட்டுப் படிப்பு."

எனக்குப் படிப்பு வந்தது அம்மா. அது தெரிந்த ஒரே ஆள் நீதான். நீயும் போய்விட்டாய்.