பிழை என்று நான் எழுதிய வரைபடம்

போன கிழமை உன் அம்மா வெள்ளவத்தை வீட்டு அலுமாரியை ஒதுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுத் தந்த பைக்குள், பூச்சி உருண்டை மணத்தோடு உன் வரைபடம் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் "பிழை". என் கையெழுத்து.

பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பௌதிகம் படித்தோம். பிறகு நான் ரியூசன் வகுப்புகளில் படிப்பிக்கப் போனேன். நீ மேற்படிப்பில் இருந்தாய், கருந்துளைக்குள் வாயு எப்படி விழுகிறது என்று கணினியில் கணித்தபடி. நிறைய விழுங்கிப் பிரகாசிப்பவை உனக்கு வேண்டாம். கொஞ்சமாக விழுங்கி மங்கலாகக் கிடப்பவைதான் வேண்டும். காலி வீதி பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டே எனக்கு விளங்கப்படுத்தினாய்: வாயு ஐதாக இருந்தால் துணிக்கைகள் மோதிக்கொள்வது அரிது. சூடேறிய புரோத்தன்களால் வெப்பத்தை இலத்திரன்களுக்குக் கொடுக்க முடியாது. ஒளிவீச வேண்டியவை இலத்திரன்கள்தான். அதனால் வெப்பம் வெளியேறாமல் வாயு உப்பிப்போய்ச் சுழலும்.

ஒரு பின்னேரம் உன் அறையில் அந்த வரைபடத்தை நீட்டினாய்.

"வெளியில இருந்து வாறதில கொஞ்சம்தானடி உள்ள போகுது. மிச்சம் காத்து மாதிரித் திரும்பிப் போகுது."

நிரல் எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்று நம்பி என்னைப் பார்க்கச் சொன்னாய். அந்த நாட்களில்தான் உனக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்கும் போல இருந்தது. எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. உன் முகத்துச் சந்தோசத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. போன கிழமை வரை இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, கணினியில் வாயுவைச் சுற்றி நீ போட்ட எல்லையில் ஏதோ பிழை விட்டிருக்கிறாய், வாயு அந்த வழியால் ஒழுகுகிறது, இதைக் காட்டினால் சிரிப்பார்கள் என்றேன்.

"வடிவாப் பாத்தனியா?"

"ஓம்."

நான் பார்க்கவில்லை.

நீ அந்த முடிவைக் கைவிட்டாய். வேறேதோ சின்னதாக எழுதிப் பட்டத்தை முடித்துக்கொண்டு வங்கி வேலைக்குப் போனாய். வெளிநாட்டுப் பேச்சு பிறகு வரவேயில்லை. எத்தனையோ கதைத்தோம், கருந்துளையைப் பற்றி மட்டும் இல்லை. டெங்குக் காய்ச்சல் ஒரு கிழமைக்குள் உன்னைக் கொண்டுபோனபோதும், அன்றைக்குப் பார்க்காமலே பிழை என்றதை நான் உனக்குச் சொல்லியிருக்கவில்லை.

வரைபடத்தோடு உன் நிரலின் தாள்களும் இருந்தன. நாலு நாட்கள் வரி வரியாகப் பார்த்தேன். எல்லையில் பிழை இல்லை. இப்படி மங்கலாக விழும் வாயுவில் பெரும்பகுதி காற்றாக வெளியேறிவிடும் என்று இன்றைக்கு மாணவர்களே படிக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் வழியில் கண்டுபிடித்தார்கள். உன் வழியை நான் அடைத்துவிட்டேன்.

உன் பேராசிரியருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். நல்ல மாணவி, பாவம் என்று இரண்டு வரி பதில் வந்தது.

இன்று காலை உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அவள் உன்னில ஒருநாளும் கோவிக்கேல்லைப் பிள்ளை," என்றார். "தனக்குக் கணக்கு ஓடாது எண்டுதான் கடைசி மட்டும் சொன்னவள்."

உன்னை நீ சந்தேகித்தாய். என்னைச் சந்தேகிக்க உனக்குத் தோன்றவேயில்லை. இனி நான் அதோடுதான் இருக்கவேண்டும்.