பில்லியர்ட்ஸ் மேசையில் பூசை

அன்புள்ள அம்மாவுக்கு ஃபெலிம் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அணை கட்ட வந்த நம் அயர்லாந்துக்காரர்களுக்காக, புராட்டஸ்டண்டாக மாறிப்போன ஸ்காட்லாந்தின் இந்த மலையூரில் நானூறு வருடம் கழித்து ஞாயிறன்று மறுபடி கத்தோலிக்கப் பூசை நடந்தது. கோயில் ஏது? பில்லியர்ட்ஸ் மேசைதான் பீடம். விரிக்கத் துணியில்லாமல் சாமியார் தவித்தார். நான் குடியிருக்கும் வீட்டு மக்காஸ்கில் அம்மா, பழுத்த புராட்டஸ்டண்ட், தன் கல்யாண மேசைவிரிப்போடு வந்து நின்றார்.

"உங்க பூசையில எனக்கு நம்பிக்கை கிடையாது. அதுக்காக வெறும் மேசையில யாராச்சும் விருந்து வைப்பாங்களா?"

அந்த விரிப்பில் மெழுகுதிரியைச் சொட்டவிட்டவன் நான்தான். கறை போக வழி எழுதுங்கள். கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள்.

அணை வேலைக்குக் கூட்டிப்போகும் லாரி ஹாரன் அடிக்கிறது. அம்மா, நம்மூர்க் கோயிலில் நம் பெஞ்சில் என் இடத்தில் யாரையும் உட்காரவிடாதீர்கள்.